கருப்பதிவுக்கு முந்தைய நிறப்புரிச் சோதனை

கருப்பதிவுக்கு முந்தைய நிறப்புரிச் சோதனை என்பது, உடலுக்கு வெளியே கருக்கட்டப்பட்ட கருக்களிலிருந்து சில உயிரணுக்களை எடுத்து, அவற்றின் நிறப்புரிகளை (குரோமோசோம்களை) ஆராய்ந்து, ஏற்ற கருவைத் தெரிந்து கருப்பையில் வைக்கும் முறையாகும். நிறப்புரி அமைப்பில் மாற்றம் கொண்டோருக்கு, குறிப்பாகத் தொடர்ந்து கருச்சிதைவுக்கு உள்ளாகும் இணையருக்கு இது செய்யப்படுகின்றது. இச்சோதனை கருவைத் தெரிவு செய்கிறதே அன்றிக் குறையுள்ள கருவைச் சீர்படுத்துவதில்லை.

மரபுக் காவிகள்

ஒரு நிறப்புரியின் துண்டு முறிந்து வேறொன்றுடன் ஒட்டிக்கொள்வது இடப்பெயர்வு எனப்படும். மரபுப்பொருளில் கூடுதலோ குறைவோ இல்லையெனில் அது சமநிலை இடப்பெயர்வு ஆகும். ஏறத்தாழ 500 பேரில் ஒருவர் இத்தகைய காவியாவார். இவர்கள் பெரும்பாலும் முழு நலத்துடன் வாழ்வதால், பல கருக்கள் கலைந்த பின்னர் செய்யப்படும் குருதிச் சோதனையிலேயே பலருக்கு இது தெரியவருகின்றது.

பாலணுக்கள் உருவாகும்போதே சிக்கல் தோன்றுகின்றது. 14ஆம், 21ஆம் நிறப்புரிகள் ஒன்றாக ஒட்டிய ராபர்ட்சோனிய இடப்பெயர்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இக்காவியின் உயிரணுக்களில் 46க்குப் பதிலாக 45 நிறப்புரிகளே இருக்கும். பாலணுக்களில் இவை பிரியக்கூடிய வழிகள் ஆறு. ஒன்றில் கரு இயல்பாக அமையும். மற்றொன்றில் பெற்றோரைப் போன்றே காவியாகும். எஞ்சிய நான்கில் 14ஆம் அல்லது 21ஆம் நிறப்புரி ஒன்று கூடும் அல்லது குறையும். இந்நான்கில் 21ஆம் நிறப்புரி மூன்றாக அமைந்த கருவே பிறப்பு வரை வளரக்கூடியது. அக்குழந்தைக்கு டவுன் கூட்டறிகுறி இருக்கும். ஆறு வழிகளும் சம வாய்ப்புடையன அல்ல. தாய் காவியாயின் டவுன் கூட்டறிகுறிக்கான வாய்ப்பு சுமார் 10 முதல் 15 விழுக்காடு. தந்தை காவியாயின் அது 1 விழுக்காட்டை ஒட்டியது.

21ஆம் நிறப்புரிகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பின் இயல்பான கரு உருவாக அநேகமாக வாய்ப்பே இல்லை. அந்நிலையில் இச்சோதனையாலும் பயனில்லை.

வரலாறும் செய்முறையும்

1968இல் ராபர்ட் எட்வர்ட்சும் ரிச்சர்ட் கார்ட்னரும் முயல் கருக்களின் பாலினத்தை இவ்வழியில் கண்டறிந்தனர். மனிதரில் இலண்டன் ஆமர்சிமித் மருத்துவமனையில் ஆலன் ஆண்டிசைடு குழுவினர் 1990இல் வெற்றி கண்டனர். அவர்கள் ஆராய்ந்தது எக்சு நிறப்புரி சார்ந்த நோய்களை ஆகும். இடப்பெயர்வுக் காவிகளுக்கு இது அப்பத்தாண்டிலேயே விரிவாக்கப்பட்டது.

தொடக்கத்தில் மூன்றாம் நாள் கருவிலிருந்து ஓர் உயிரணுவை எடுத்து ஒளிரும் சாயங்களால் ஆராய்ந்தனர். இன்று ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில், பிற்பாடு நச்சுக்கொடியாக வளரும் புற அடுக்கிலிருந்து சுமார் 5 முதல் 10 உயிரணுக்கள் எடுக்கப்படுகின்றன. முடிவு வரும்வரை கரு உறைநிலையில் வைக்கப்படும்.

வரம்புகள்

எடுக்கப்பட்ட உயிரணுக்களும் கருவின் பிற உயிரணுக்களும் வேறுபடலாம். ஆகவே கருவுற்ற பின் பனிக்குட நீர்ச் சோதனையும் பரிந்துரைக்கப்படுகின்றது. வழக்கமான முறைகள் மரபுப்பொருளின் அளவையே அறிவதால் இயல்பான கருவையும் காவிக் கருவையும் பிரித்தறிய இயலாது. காவிக் கருவை ஒதுக்கத் தேவையுமில்லை. அதைப் போன்ற ஒருவரே அதன் பெற்றோர்.

கருச்சிதைவுகள் இதனால் குறைகின்றன. ஆயினும் இயற்கையாகக் கருத்தரிக்கக்கூடிய காவிகளில், தொடர்ந்து முயல்வோரைவிடச் சோதனை செய்தோர் மிகுதியாகக் குழந்தை பெறுகின்றனர் என்பது உறுதியாக நிறுவப்படவில்லை. விளம்பரங்களில் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகின்றது. சில இணையருக்குச் சோதனையில் தேறும் கரு ஒன்றுகூடக் கிடைப்பதில்லை.

சட்டம்

சோதனையில் கருவின் பாலினமும் தெரியவரும். இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம், 2003இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துடன், கருப்பதிவுக்கு முன்னரும் பாலினத் தெரிவைத் தடை செய்கின்றது. நிறப்புரிக் கோளாறுகளுக்கான சோதனையைப் பதிவு பெற்ற மையங்கள் செய்யலாம்.