ரூட்டர் ஏன் யூசர் நேம் கேட்கிறது? - பி.பி.பி.ஓ.இ. வந்த கதை

நம் ஒவ்வொரு பிளாட்டின் இன்டர்நெட்டுக்கும் பெரும்பாலும் இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு. ஒன்று வைஃபை பாஸ்வேர்டு. வீட்டுக்கு வரும் விருந்தாளி தண்ணீருக்கு முன்பே கேட்பது அதைத்தான். மற்றொன்று ரூட்டருக்குள் இருப்பது. இணைப்பு கொடுக்க வந்தவர் போட்டுவிட்டுப் போயிருப்பார். பழைய ரூட்டர் இடியில் போய், புதிதாக ஒன்று வாங்கி மாட்டும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். இணைப்பு வகை என்ற இடத்தில் 'பி.பி.பி.ஓ.இ.' என்று தேர்ந்தெடுத்தால் யூசர் நேம், பாஸ்வேர்டு என்று இரண்டு கட்டங்கள் வரும்.

கரன்ட் மீட்டர் பாஸ்வேர்டு கேட்பதில்லை. குடிநீர்க் குழாயும் கேட்பதில்லை. வீடு வரை கேபிள் வந்த பிறகு இது மட்டும் ஏன் கேட்கிறது? பதிலுக்கு டெலிபோன் காலத்துக்குப் போக வேண்டும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. மோடம் கீச்சிட்டுக் கத்தி முடித்ததும் டெலிபோன் வழியே இணைப்பு கிடைக்கும். அது ஒரு போன் கால்தான். எந்த வீட்டிலிருந்தும் யார் வேண்டுமானாலும் அழைக்கலாம் என்பதால், எதிர்முனையில் இருக்கும் கம்ப்யூட்டர் "நீ யார்?" என்று கேட்டே ஆக வேண்டும். அந்த உரையாடலுக்கான விதிமுறைதான் பி.பி.பி. ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் நடுவே மட்டும் நடக்கும் பேச்சு என்று பொருள். 1989-இல் முதல் வடிவம் வந்தது, 1994-இல் நிலைபெற்றது. யார் வந்தார், எத்தனை நிமிடம் இருந்தார் என்று பில் போடும் ஏற்பாடுகளையெல்லாம் கம்பெனிகள் இதை நம்பித்தான் கட்டின.

ஈத்தர்நெட்டின் பிறப்பு வேறு மாதிரி. 1973-இல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் அதற்கு வடிவம் கொடுத்தார். ஒரே ஆபீசின் கம்ப்யூட்டர்களை ஒரே கேபிளில் கோப்பதுதான் நோக்கம். உள்ளே இருப்பவர் எல்லாரும் நம்மவர். அங்கே பில் ஏது, பாஸ்வேர்டு ஏது?

இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போட வைத்தது டி.எஸ்.எல். 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் அதே டெலிபோன் வயரில் அகலப்பட்டை விற்கத் தொடங்கினார்கள். மோடத்தின் பின்னால் ஈத்தர்நெட் துளை வைத்தால் போதும். மலிவான கார்டு போட்ட எந்தக் கம்ப்யூட்டரையும், ஏன் நாலைந்தைக்கூட, இணைக்கலாம். ஆனால் யாருடைய கணக்கு என்று சொல்ல ஈத்தர்நெட்டுக்குத் தெரியாது. பில் போடும் ஏற்பாடோ பி.பி.பி. மட்டுமே அறிந்தது. அதைத் தூக்கிப் போட்டுப் புதிதாகக் கட்ட யாருக்கும் மனமில்லை. யூயூநெட், ரெட்பேக், ரௌட்டர்வேர் என்ற மூன்று கம்பெனிகளைச் சேர்ந்தவர்கள் 1999 பிப்ரவரியில் ஒரு வழியை எழுதி வெளியிட்டார்கள்: பி.பி.பி. பேச்சை அப்படியே ஈத்தர்நெட் உறைக்குள் போட்டு அனுப்புவது. ஆர்.எஃப்.சி. 2516 என்பது அதன் எண். தகவலுக்காக என்ற வகையில்தான் வெளிவந்தது. உலகம் அதையே பிடித்துக்கொண்டது.

இன்றும் உங்கள் ரூட்டரை ஆன் செய்தால் நடப்பது அதுதான். முதலில் கேபிளில் "யாராவது இருக்கிறீர்களா?" என்று பொதுவாகக் கூவும். கம்பெனியின் சர்வர் "நான் இருக்கிறேன்" என்னும். "சரி, உன்னிடமே பேசுகிறேன்" என்று ரூட்டர் சொல்ல, சர்வர் ஓர் எண் கொடுத்துக் கதவைத் திறக்கும். அதன் பிறகுதான் யூசர் நேம், பாஸ்வேர்டு பரிசோதனை, பிறகு ஐ.பி. முகவரி. வயரில் போன் கால் எதுவும் இல்லை, ஆனால் ரூட்டர் இன்னும் டயல் செய்துகொண்டுதான் இருக்கிறது.

இதில் ஒரு நல்லதும் விளைந்தது. ஜப்பானில் என்.டி.டி.யின் கிழக்கு, மேற்கு கம்பெனிகள் வயரை மட்டும் தந்தன. இன்டர்நெட்டை மக்கள் வேறு கம்பெனியிடம் வாங்கினார்கள். யூசர் நேமில் '@' குறிக்குப் பின்னால் வரும் பெயரைப் பார்த்து, எந்தக் கம்பெனிக்கு அனுப்புவது என்று வயர்க்காரர் தெரிந்துகொள்வார். கம்பெனி மாற வேண்டுமா? சுவரை இடிக்க வேண்டாம், யூசர் நேமை மாற்றினால் போதும். நம் குடியிருப்புகளில் ஆளுக்கொரு கம்பெனி ஆளுக்கொரு கேபிளை டக்டில் திணிப்பதைப் பார்க்கும்போது அந்த ஏற்பாட்டின் மேல் பொறாமையாக இருக்கிறது.

நம் நாட்டில் 2004 அக்டோபரில் வந்த அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது அகலப்பட்டை என்றது. அடுத்த ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' வந்தது. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை டவுன்லோடுக்குக் கணக்கில்லை என்ற திட்டத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அலாரம் வைத்து எழுந்து இணைப்பைத் துண்டித்து மறுபடி போட்டவர்கள் உண்டு. கணக்கு எழுதப்பட்டது ஒவ்வொரு 'டயலு'க்கும் என்பதால்தான் அந்தக் கூத்து.

மொட்டை மாடிகள் வழியே கேபிள் இழுத்து இணைப்பு கொடுத்த உள்ளூர் ஆபரேட்டர்களும் இதையே விரும்பினார்கள். காரணம் அடுக்குமாடிக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஒரு கட்டடம் முழுவதும் ஒரே சுவிட்சில் இருக்கும்போது, மூன்றாவது மாடியில் ஒருவர் சுவரிலிருந்து வரும் கேபிளைத் தவறான துளையில் செருகினால், அவருடைய ரூட்டர் ஊருக்கெல்லாம் ஐ.பி. முகவரி வினியோகிக்கத் தொடங்கிவிடும். முகவரியைத் தானாகப் பெறும் இணைப்பாக இருந்தால் பக்கத்து பிளாட்டுகள் எல்லாம் முடங்கும். பி.பி.பி.ஓ.இ. ரூட்டர்கள் அந்த வினியோகத்தைக் கண்டுகொள்வதில்லை.

இதற்கு ஒரு வாடகை உண்டு. ஈத்தர்நெட் பொட்டலம் ஒன்றில் 1500 பைட் போகும். பி.பி.பி.ஓ.இ. தன் உறைக்கு 8 பைட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1492, கொலம்பஸ் கப்பலேறிய வருடம் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். 1500 பைட் பொட்டலம் வழியில் மாட்டிக்கொண்டால், "பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு" என்ற தகவல் அனுப்பியவருக்குத் திரும்பிப் போக வேண்டும். சில இணையதளங்களின் காவல் ஏற்பாடுகள் அந்தத் தகவலையே தடுத்துவிடும். வாட்ஸ்அப் செய்தி போகிறது, கூகிள் திறக்கிறது, ஒரு பாங்க் பக்கம் மட்டும் பாதியில் நிற்கிறது என்றால் இதுவும் காரணமாக இருக்கலாம். ரூட்டரில் 'எம்.டி.யு.' என்ற இடத்தில் 1492 இருக்கிறதா என்று பாருங்கள். 2006-இல் முழு 1500-ஐயும் அனுமதிக்கும் ஏற்பாடு வந்தது. இரு முனைகளும் ஒப்புக்கொண்டால்தான் அது வேலை செய்யும்.

ஃபைபர் வந்தபின் சில கம்பெனிகள் இதைக் கைவிட்டுவிட்டன. வீட்டுப் பெட்டியின் அடையாளத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்கின்றன. உங்கள் வீட்டில் எது என்பதை ரூட்டரின் இணைப்புப் பக்கத்தில் பார்க்கலாம். பி.பி.பி.ஓ.இ. என்றால், பாஸ்வேர்டு அங்கே வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். ஆகவே ரூட்டர் நன்றாக இருக்கும்போதே கஸ்டமர் கேருக்கு போன் செய்து யூசர் நேம், பாஸ்வேர்டு இரண்டையும் கேட்டு எழுதி வாங்கி, இணைப்பு ரசீதோடு வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரூட்டர் மாற்ற நேர்ந்தால் திங்கள் வரை ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.