தாத்தா பாட்டியைப் பிரிச்ச படம்

2003-ல் வந்த இந்திப் படம் 'பாக்பான்' ஞாபகம் இருக்கா? பிள்ளைங்க அப்பாவை ஒரு வீட்டுக்கும் அம்மாவை இன்னொரு வீட்டுக்கும் பங்கு போட்டுக்குவாங்க. கிட்டத்தட்ட இதே கதையை 1937-லயே ஹாலிவுட்டில் லியோ மெக்கேரி எடுத்துட்டாருங்க. படம் பேரு 'மேக் வே ஃபார் டுமாரோ'.

அமெரிக்காவில் பெருமந்தக் காலம். சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1935-ல் வந்தாச்சு. ஆனா மாசாமாசம் பென்ஷன் கொடுக்க ஆரம்பிச்சது 1940-ல்தான். இடையில் வீட்டை பேங்க் எடுத்துக்கிட்டா, பெத்தவங்க பிள்ளைங்க கையைத்தான் எதிர்பார்க்கணும். இந்தப் படத்து தாத்தா பாட்டி கதி அதுதான்.

கடைசி அரை மணி நேரம் இருக்கே... பிள்ளைங்க காத்திருக்கிற விருந்தை விட்டுட்டு, ஐம்பது வருஷம் முன்னாடி தேனிலவுக்குத் தங்கின நியூயார்க் ஓட்டலுக்கு ரெண்டு பேரும் போறாங்க. டான்ஸ் வேற! (பாட்டியா நடிச்ச பியூலா பாண்டிக்கு அப்ப 50 வயசுகூட ஆகலை.) அப்புறம் ரயில் நிலையம். தாத்தா கலிஃபோர்னியாவில் இருக்கிற மகள் வீட்டுக்கு, பாட்டி முதியோர் இல்லத்துக்கு. இல்லத்து விஷயம் தாத்தாவுக்குத் தெரியவே தெரியாது.

'பாக்பான்'ல அப்பா புத்தகம் எழுதி, காசு வந்து, எல்லாம் சுபம். இங்கே முடிவை மாத்தச் சொல்லி ஸ்டூடியோ கேட்டும் மெக்கேரி மசியலை. படம் ஓடலை, பாரமவுண்ட் அவரை அனுப்பிடுச்சு. அதே வருஷம் எடுத்த 'தி ஆஃபுல் ட்ரூத்'துக்கு ஆஸ்கார் கிடைச்சப்ப, தப்பான படத்துக்குக் கொடுத்துட்டீங்கன்னாராம் மனுஷன் :-)