பள்ளிப் பிள்ளையின் பகலுணவு

திங்கட்கிழமைக் காலைப் பிரார்த்தனையின் பின்னர் நடைபெறும் தேகாப்பியாசத்தின்போது பிள்ளையொன்று மயங்கி வீழ்வதைக் காணாத தலைமையாசிரியர் எங்கள் வட்டாரத்தில் இருத்தல் அரிது. நிழலில் இருத்தி, முகத்தில் நீர் தெளித்து, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று வினவினால், பிள்ளை முதலில் வாய் திறவாது. பின்னர், "தேத்தண்ணி குடிச்சனான், சேர்" என்னும். அச்சுவேலியிற் பிறந்து, இன்று அவ்வூர்ப் பக்கத்திலேயே ஒரு பாடசாலையின் அதிபராயிருக்கும் எனக்கு அவ்விடை புதிதன்று. ஆசிரியனாக அமர்ந்த புதிதில், வரிசையில் ஒழுங்காக நில்லாத சிறுவன் ஒருவனை மைதானத்தை இருமுறை சுற்றி ஓடுமாறு பணித்தேன். ஒரு சுற்று முடியுமுன்னே அவன் வீழ்ந்தான். முதல் நாள் இரவும் அவன் உண்ணவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். அன்று தொட்டு மைதானத்தையும் அடுப்பையும் வெவ்வேறாக எண்ண என்னால் முடிவதில்லை.

நேயர்களே, பள்ளிப் பிள்ளைக்கு ஊரவரும் அரசினரும் உணவளித்த வரலாற்றையே இவ்வுரையிற் கூற விழைகின்றேன். அவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் ஒன்று என் கண்ணிற் படுகின்றது. திறைசேரியில் முடை நேர்ந்தபோதெல்லாம் பிள்ளையின் தட்டே முதலிற் சுருங்கியிருக்கின்றது.

எங்கள் ஊர் செம்மண் பூமி. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் விளையும் தோட்டங்கள் பாடசாலை மதில் வரை வந்து நிற்கும். நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுமுன்னர், விடியற்காலையில் ஒருவர் துலா மிதிக்க, மற்றொருவர் பட்டையைச் சரிக்க, வாய்க்கால் வழியே வரும் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாறிவிடுதல் சிறுவர் தொழிலாயிருந்தது. அத்தொழில் முடித்துப் பள்ளிக்கு ஓடிவந்த பிள்ளைக்குத் தனியே தேகாப்பியாசம் எதற்கு? அவனுக்குக் குறைவாயிருந்தது உணவே. பழஞ்சோறு கிடைத்தால் நல்ல நாள். இல்லையேல் ஒடியற் பிட்டு, பனங்கிழங்கு, குரக்கன் கூழ். இவற்றை ஏழையின் உணவென்று நாம் நாணி ஒதுக்கினோம். நூறு கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணச்சத்து உண்டென்றும், தீட்டிய அரிசியில் அதிற் சிறு பங்குதானும் இல்லையென்றும் உணவு நூலோர் பின்னர் கூறியபோது, குரக்கன் எங்கள் அடுக்களைகளை விட்டுப் பெரும்பாலும் நீங்கிவிட்டது.

பள்ளியில் உணவளித்தல் அரசின் கடமை என்ற எண்ணம் பிரித்தானியாவிற் பிறந்த வகை சற்று விசித்திரமானது. இரக்கத்திலும் பார்க்க அச்சமே அதற்குத் தாயாயிற்று. போவர் யுத்தத்திற்கு ஆள் திரட்டியபோது, படையிற் சேர வந்த தொழிலாள இளைஞரிற் பெருந்தொகையினர் உடல் தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். ஏன் இந்த மெலிவு என்று ஆராய அமைந்த குழு 1904இல் அறிக்கை வெளியிட்டது. பள்ளிகளில் உடற்பயிற்சியும் வேண்டும், பசித்த பிள்ளைக்கு உணவும் வேண்டும் என இரண்டையும் ஒருங்கே அது பேசிற்று. 1906இல் பாடசாலை உணவுச் சட்டம் நிறைவேறியது. அந்நாட்டிலேயே 1971இல், செலவைக் குறைக்கும் பொருட்டு, ஏழு வயதுக்கு மேற்பட்டோரின் இலவசப் பாலைக் கல்வி அமைச்சர் மார்கரெட் தாச்சர் நிறுத்தியதும், அதனால் வந்த பழிப்பெயர் அவரை நெடுங்காலம் தொடர்ந்ததும் பலர் அறிந்தவை.

தமிழகத்தில் 1920ஆம் ஆண்டு, சென்னை மாநகராட்சியின் தலைவராயிருந்த பிட்டி தியாகராயச் செட்டியார், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றிற் பகலுணவைத் தொடங்கிவைத்தார். பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. வேறு சில பள்ளிகளுக்கும் பரவிய அத்திட்டம் 1925இல் நின்றது. தொடக்கக் கல்விக்குரிய நிதியை உணவுக்குச் செலவிடலாகாது என்று ஆங்கில அரசு தடுத்ததே காரணம். உணவு கல்வியைச் சேர்ந்ததன்று என்பது கணக்கர் கண்ட முடிவு போலும்! 1927இல் மீண்டும் அடுப்பெரிந்தது. இடைப்பட்ட ஈராண்டிற் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கு வைத்தவர் எவருமிலர்.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். 1931இல் சர்வசன வாக்குரிமையோடு அரசாங்க சபை அமைந்தது. கல்வி நிர்வாகக் குழுவின் தலைவராகச் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அமர்ந்தார். 1945இல் இலவசக் கல்வியை நாட்டுக்களித்தவர் அவரே. பாடசாலைகளில் இலவச மதிய உணவு வழங்கும் முறையும் அரசாங்க சபைக் காலத்தில் வேரூன்றியதாகும். 1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் தென்மேற்குக் கிராமங்களைச் சூறையாடியபோது, மருந்து மட்டும் போதாது, உணவும் வேண்டும் என்ற உண்மை அனைவருக்கும் உறைத்தது. அச்சபையின் முதலாண்டுகளில் யாழ்ப்பாணத்தின் ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன. பூரண சுயராச்சியம் கோரிய யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்ததே அதற்குக் காரணம். 1934இலேயே அவ்வாசனங்கள் நிரம்பின. கொள்கை உயர்ந்ததுதான். எனினும், பங்கீடு நடக்கும் பந்தியில் நம்மவர் இல்லாதிருந்த அக்காலத்தை எண்ணும்போது ஓர் ஆசிரியன் மனம் சற்று நோகவே செய்யும்.

அதே வாலிப காங்கிரசுக்கு நாம் பட்டுள்ள கடன் வேறொன்றுண்டு. பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்தல் வேண்டும், ஒரே பந்தியில் உண்ணுதல் வேண்டும் என்று அவ்வியக்கத்தார் வற்புறுத்தினர். சம ஆசனம், சம போசனம் என்பன அக்காலத்து முழக்கங்கள். அரசின் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கட்டாயம் என்ற கட்டளை வந்தபோது, 1930ஆம் ஆண்டளவில் குடாநாட்டிற் சில பாடசாலைகள் தீயிடப்பட்டன. வாங்கில் அமர்வதற்கே நெருப்பு மூண்ட நாட்டில், ஒரு பானைச் சோற்றை ஒரு வரிசையில் இருந்து உண்பது எத்துணைப் பெரிய காரியம் என்பதை இன்றைய தலைமுறை அறிந்திருத்தல் வேண்டும். எங்கள் ஊருக்கு வடக்கே, தொண்டைமானாற்றங் கரையில், செல்வச்சந்நிதி முருகன் அன்னதானக் கந்தன் என்றே பெயர் பெற்றவன். ஆச்சிரமத்திலும் மடங்களிலும் அடியவர்கள் வரிசையில் அமர்ந்து உண்பதைப் பிள்ளைகள் கண்டு வளர்கின்றனர். பள்ளியின் பந்தி அதனிலும் ஒரு படி மேலானதென்பது என் துணிபு. கோவிலிற் பக்தராய் அமர்வோர் ஒரு நாளைக்கு அமர்வர். பள்ளியில் நாடோறும் அமர்தல் வேண்டும். முதற் கிழமையிற் பெற்றோர் முகம் சுளித்தால், பிள்ளை அதனை வீட்டிலே கேட்டு வந்து பந்தியிலே காட்டும். அதிபர் அவ்வரிசையில் தாமும் ஒரு தட்டுடன் அமர்ந்துவிட்டால் பெரும்பாலும் அச்சுளிப்பு மறையும். இது நான் கண்ட கைமருந்து.

1953ஆம் ஆண்டு வந்தது. கொரிய யுத்தத்தால் ஏறியிருந்த இறப்பர் விலை சரிந்தது. இறக்குமதி அரிசியின் விலையோ உயர்ந்து நின்றது. யூலை மாதத்தில், நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் வரவு செலவுத் திட்டத்தில் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் உயர்ந்தன. பாடசாலைப் பிள்ளையின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. ஆகஸ்டு 12ஆம் நாள் நாடு ஹர்த்தாலில் ஆழ்ந்தது. தென்னிலங்கையிற் பலர் சுடப்பட்டு இறந்தனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிற் கூடிற்று. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அரிசி விலையைப் பற்றி நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. மதிய உணவு அந்நூல்களிற் பெரும்பாலும் ஒரு வரியிற் கடந்துபோகின்றது. அரிசி விலை ஏறியதால் வீட்டுப் பானையும் சுருங்கிய அதே மாதத்திற் பள்ளிப் பானையும் கவிழ்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ஒரு வரியின் கனம் விளங்கும்.

1956இல் ஆட்சி மாறியது. கல்வி அமைச்சரான டபிள்யூ. தகநாயக்கா பள்ளிப் பிள்ளைகளுக்குப் பணிசும் பாலும் வழங்கச் செய்தார். அதனால் அவருக்குப் 'பணிஸ் மாமா' என்ற பெயரே நிலைத்தது. பரிகாசமாக எழுந்த பெயராயினும் அமைச்சர் ஒருவருக்கு இதனினும் நல்ல பட்டம் கிடைத்ததாக நான் அறியேன். அவ்வாண்டிலேயே, கடலுக்கப்பால், முதலமைச்சர் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அங்கே அடுப்பை ஊராரின் நன்கொடையும் சேர்ந்து எரித்தது. பின்னர், 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவாக விரித்தார். 2022இல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. ஆட்சிகள் மாறினும் அங்கே அதனை நிறுத்தத் துணிந்தவர் அரியர். காரணம் எளிது. அது ஊரின் அடுப்பாகிவிட்டது. எங்கள் பணிசோ பொறியில் வெந்து பொதியில் வந்தது. வராது நின்றபோது கேட்பார் இலர்.

என் தலைமுறைக்குக் கிடைத்தது கெயர் நிறுவனத்தின் பிஸ்கற்று. அதன் கடினம் இன்னும் என் பற்களில் நினைவாயிருக்கின்றது. அதன்பின் யுத்தம். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்தபோது நாங்கள் பள்ளியையே தோளிற் சுமந்து சென்றோம். அக்காலத்து உணவைப் பற்றிப் பேச இவ்வுரை போதாது. நிவாரண அரிசியையும் பருப்பையும் மரநிழல் வகுப்புக்களில் நாங்கள் பங்கிட்டோம் என்பதோடு அமைவேன்.

2022இல் மீண்டும் முடை வந்தது. செப்டெம்பர் மாதத்தில் உணவுப் பண்டங்களின் விலையேற்றம் ஆண்டுக்கணக்கில் 90 சதவீதத்தைக் கடந்தது. எங்கள் பள்ளிக்குச் சமைத்துக் கொடுத்த தாய்மார், "இந்தக் காசுக்கு முட்டை வைக்க ஏலாது, ஐயா" என்று வந்து நின்றனர். அவர்களிற் பிழை காண எனக்கு நாவெழவில்லை. முட்டை பாதியாயிற்று, பின்னர் மறைந்தது. 2024 மார்ச்சில் முதலாந் தரம் முதல் ஐந்தாந் தரம் வரையுள்ள அரசபள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் உணவு என அரசு விரித்தமை மகிழ்ச்சிக்குரியது.

ஆயின் இன்றைய நோய் வேறொரு முகமும் காட்டுகின்றது. துலா இல்லை, வாய்க்காலை மாறிவிடும் சிறுவனும் இல்லை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காகப் பள்ளி விட்டதும் பிள்ளை தனியார் வகுப்புக்கு ஏற்றிச் செல்லப்படுகின்றது. கையிற் காற்றடைத்த பொரியற் பொட்டலம். ஐந்து முதல் பதினேழு வயதினருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாயினும் உடலுழைப்பு வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நாமோ ஆண்டு முற்பகுதியில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்காக இரண்டு கிழமை ஓடவிட்டு, இல்லங்களைச் சோடித்து, கிண்ணம் கொடுத்து, மைதானத்தை மாடுகளுக்கு விட்டுவிடுகின்றோம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலிற் பொற்பதக்கம் வென்றதை ஒவ்வொரு போட்டியிலும் விருந்தினர் எடுத்துரைப்பர். இறுதி வரிசையில் வெயிலில் நிற்கும் பிள்ளை பாய்வதுமில்லை, ஓடுவதுமில்லை, கைதட்டுகின்றது.

கிளித்தட்டுக்குப் பந்தும் வேண்டா, மட்டையும் வேண்டா. நிலத்திற் கோடு கீறினாற் போதும். கிளியாய் நிற்பவன் நடுக்கோட்டில் ஓடியோடி இளைக்க, மற்றையோர் தட்டுத் தட்டாய்த் தப்பிக் கடப்பர். மெலிந்தவனும் பருத்தவனும் அதிற் சேரலாம். இதனை வாரம் மூன்று நாள் எங்கள் பள்ளியில் நடத்துகின்றோம். திங்கட்கிழமைத் தேகாப்பியாசத்தை உணவு வேளைக்குப் பின்னர் மாற்றிவிட்டேன். முருங்கையிலையும் வாழைப்பழமும் ஊரவர் தோட்டங்களிலிருந்து வருகின்றன. பெயரெழுதி நன்றி கூறும் வழக்கத்தை வைத்துக்கொள்ளவில்லை, கொடாதவரின் பிள்ளை தலைகுனியும் என்பதால்.

எஞ்சி நிற்பது ஒன்று. மாணவர் தொகை மிகக் குறைந்த பாடசாலைகள் நீங்கலாக, ஏனையவற்றில் ஐந்தாந் தரத்தோடு தட்டு முடிகின்றது. சென்ற தவணையில் ஆறாந் தரத்துச் சிறுவன் ஒருவன் இடைவேளை தோறும் இரண்டாந் தரத்துப் பந்தியின் அருகே நிற்பதைக் கண்டேன். தங்கையைப் பார்க்க வந்ததாகக் கூறினான். அவள் தன் தட்டிற் பாதியை ஒரு மூடியில் எடுத்து வைத்திருந்தாள்.

அவனுக்கும் ஒரு தட்டு இடுமாறு சமையற்காரத் தாயிடம் கூறினேன். கணக்கில் அதனை எப்படிக் காட்டுவதென்று அவர் கேட்டார். என் பெயரில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.