இரண்டு கர்ணங்கள்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கில், ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கும் பள்ளிப்பட்டு வட்டாரத்தில் 'கர்ணம்' என்ற சொல் நெடுங்காலம் இரு பொருளில் வழங்கியது. அடங்கலும் சிட்டாவும் எழுதி ஊர் நிலங்களின் கணக்கைக் காத்துவந்த கிராமக் கணக்கர் ஒரு கர்ணம். செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே சாய்ந்து கிடக்கும் மிக நீண்ட பக்கம் மற்றொரு கர்ணம். முன்னது ஆவணம், கருவி என்னும் பொருளுடைய 'கரணம்' என்ற வடசொல்லின் திரிபு. பின்னது காதைக் குறிக்கும் 'கர்ண' என்ற சொல் மூலைக்கோட்டுக்கு ஆகிவந்தது. வேரளவில் உறவில்லாத இவ்விரு சொற்களும் வயல் வரப்பில் சந்தித்தன. ஏனெனில் முதலாம் கர்ணத்தின் கணக்கில் ஏறிய பரப்பளவு, பெரும்பாலும் இரண்டாம் கர்ணத்தின் நீளத்தைத் தெரிந்துகொள்ளாமலே பெறப்பட்டது.

இந்த நிலப்பகுதியின் பெரும்பகுதி கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்திருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனோடு இணைந்து, 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதன் பக்கம் போய், ம.பொ.சிவஞானம் முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் எல்லையை வரையறுத்த படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அதற்கு ஈடாகச் சத்தியவேடு போன்ற பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. மாநில எல்லைகள் இவ்வாறு இடம் மாறினாலும் ஒவ்வொரு வயலின் எல்லையும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதை நிலைநிறுத்தியவை சர்வே கற்களும், அவற்றுக்கிடையிலான தொலைவைக் குறித்த புலப்படங்களுமே.

புலப்படம் என்பது ஒரு சர்வே எண்ணுக்குரிய நிலத்தின் வடிவத்தையும் அளவுகளையும் காட்டும் தனித்தாள் வரைபடம். அதற்கு அடிப்படையான அளவைச் சங்கிலி, 1620-ஆம் ஆண்டையொட்டி எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலக் கணிதர் வகுத்தது. அதன் நீளம் 66 அடி. அது 100 கண்ணிகளால் ஆனது. கண்ணியை அளவையர்கள் 'லிங்க்' என்றே சொல்வர். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஏக்கரில் நூற்றில் ஒன்று சென்ட். ஆகவே ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். இன்றைக்கும் மனை வாங்குவோர் வாயில் வழங்கும் 'சென்ட்' என்ற சொல்லுக்குள் அந்த இரும்புச் சங்கிலி சுருண்டு கிடக்கிறது.

வயல்கள் சதுரமாக அமைவதில்லை. எனவே அளவையர் நிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நேர்கோடு ஒன்றைப் போட்டு, அக்கோட்டின்மீது சங்கிலியை நகர்த்தியபடியே, வரப்பு வளையும் ஒவ்வொரு மூலைக்கும் செங்குத்தான கிளை அளவு எடுத்தார். செங்குத்தைக் காட்டியது குறுக்குத் தண்டு. கம்பின் தலையில் ஒன்றுக்கொன்று செங்கோணமாக அமைந்த பிளவுகள் வழியே பார்க்கும் எளிய கருவி அது. நேர்கோட்டில் 40 லிங்க் நகர்ந்து, கிளையாக 30 லிங்க் சென்றால் மூலைக்கல் வரும் என்று வைத்துக்கொண்டால், அரை மடங்குப் பெருக்கலில் 600 சதுர லிங்க் என்ற பரப்பு கிடைத்துவிடும். வரப்பின் நீளமாகிய கர்ணம் இதில் எங்கும் நுழையவில்லை. ஆனால் பின்னொரு நாளில் கல் பிடுங்கப்பட்டு, பங்காளிகள் வழக்காடும்போது, வரப்பின் நீளம் 50 லிங்க் வருகிறதா என்று பார்ப்பதே சரிபார்ப்பாகிறது. ஆகவே அதுவும் புலப்படத்தின் எல்லைக்கோட்டின்மேல் தனியே எழுதப்பட்டது. பரப்புக்கு வேண்டாத பக்கம் தகராறுக்கு வேண்டியதாயிற்று.

இங்கே எடுத்துக்கொண்ட மூன்று, நான்கு, ஐந்து என்ற விகிதம் தற்செயலானதன்று. இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் மூன்றாம் பக்கம் கிடைக்கும் என்பது பொதுவிதி. வர்க்கமூலம் காண்பதோ கையாலும் வாயாலும் கணக்குப் போட்ட தொழிலாளருக்கு எளிதன்று. அந்த உழைப்பைத் தவிர்க்க உதவும் சில முக்கோணங்களையே எல்லா நாட்டுத் தொழில்களும் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டன. வேள்வி மேடை அமைக்கும் முறைகளைச் சொல்லும் சுல்ப சூத்திரங்களில், ஆபஸ்தம்பர் 3–4–5, 5–12–13, 8–15–17, 12–35–37 ஆகிய அளவுகளைக் கயிற்றால் செங்கோணம் பிடிக்கப் பயன்படுத்துகிறார். பள்ளிப்பட்டிலோ திருத்தணியிலோ வீட்டுக்கு வானம் தோண்டுமுன் நூல் பிடிக்கும் கொத்தனார், ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பதும் அதே கணக்குத்தான். அறை பெரிதானால் 6–8–10 என்றோ 9–12–15 என்றோ பெருக்கிக்கொள்வார். கையிலுள்ள இரும்பு மூலைமட்டம் ஓரடிக்கு மேல் நீளாதபோது டேப்பே மூலைமட்டமாகிவிடுகிறது.

தமிழில் இதற்கென்று போதையனார் பெயரால் ஒரு பாடல் வழங்குகிறது. அதைப் பிதகோரசுக்கும் முந்தியது என்று கொண்டாடுவோர் உண்டு. அதன் சொல்நடை அத்தகைய தொன்மைக்கு இடம் தராது. தொன்மை பற்றிய அந்த ஆரவாரத்தில், பாடலின் உண்மையான நுட்பம் கவனிக்கப்படாமலே போனது. நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளிவிட்டு, மீதியோடு குறும்பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வரும் என்பது அதன் கருத்து. வர்க்கமும் இல்லை, மூலமும் இல்லை. தள்ள வேண்டியது அரைக்கால், சேர்க்க வேண்டியது அரை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனனம் செய்த மாணவனுக்கு முந்திரி, காணி, மா, மாகாணி, அரைக்கால், கால் என்ற பின்னங்கள் நாவிலேயே இருந்தன. எட்டில் ஒன்று என்பது அவனுக்குத் தனிப்பெயருள்ள ஓர் எண். இந்தச் சூத்திரம் தமிழ்ப் பின்ன வாய்பாட்டின் மடியில் பிறந்தது என்பதற்கு அதுவே போதிய அடையாளம்.

அதன் பிழையையும் அளந்து பார்க்கலாம். 4-இல் அரைக்கால் பங்கான ½ போக 3½, 3-இல் பாதி 1½, கூட்டினால் 5. அவ்வாறே 12-இல் 1½ போக 10½, 5-இல் பாதி 2½, கூட்டினால் 13. இவ்விரண்டு விகிதங்களிலும் விடை மயிரிழையும் பிசகாது. இயற்கணிதத்தால் சோதித்தால், முற்றிலும் சரியாக வரும் விகிதங்கள் இவ்விரண்டு மட்டுமே என்பதும் தெரியவரும். இரண்டுக்கும் இடைப்பட்ட முக்கோணங்களில் விடை சற்று மிகும். ஆனால் அந்த மிகை எங்கும் நூற்றுக்கு 0.78-ஐத் தாண்டாது. வெளியே போனால் விடை குறையும். இரு பக்கங்களும் சமமானபோது ஒன்றுக்கு 'ஒன்றே காலே அரைக்கால்', அதாவது 1.375 என்று சூத்திரம் சொல்லும், உண்மையோ 1.4142. பத்தடிச் சதுர அறையின் மூலைவிட்டத்தை இதன்படி 13 அடி 9 அங்குலம் என்று வைத்து நூல் பிடித்தால், நான்கரை அங்குலத்துக்கும் மேல் குறைந்து அறையே கோணலாகிவிடும். மிக நீண்டு ஒல்லியான முக்கோணத்தில் பிழை இன்னும் பெருகி, எட்டில் ஒரு பங்கை நெருங்கும்.

இத்தகைய சூத்திரம் எதற்குப் பயன்பட்டிருக்கும் என்பதற்குக் கூரையே நல்ல விடை. ஓட்டுக்கூரை கிடைமட்டத்துக்கு ஏறக்குறைய 30 பாகை சாய்ந்திருந்தால், சுவரிலிருந்து முகடு வரை ஏறும் கைமரமே கர்ணம். அறை அகலத்தின் பாதி நீண்ட பக்கம். முகட்டின் உயரம் குறும்பக்கம். 30, 60, 90 பாகைக் கோணங்களுள்ள இம்முக்கோணத்தில் பக்கங்கள் 1, √3, 2 என்ற விகிதத்தில் அமையும். அதாவது உயரத்தின் இரு மடங்கே கைமரம். பாடலின் வழியே கணக்கிட்டால் 10 அடிக் கைமரத்துக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான நீளம் கூடுதலாகும். கூடுதலை அறுத்துத் தள்ளலாம், குறைந்ததை ஒட்ட முடியாது என்பது தச்சருக்குத் தெரிந்த முதற்பாடம். அந்த வகையில் இப்பிழை நல்ல பக்கமாகவே சாய்ந்திருக்கிறது.

இரு பக்கங்கள் சமமான செங்கோண முக்கோணத்துக்கு வேறு வழி வேண்டும். சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு ஒன்றோடு மூன்றில் ஒன்றையும், அதில் நான்கில் ஒன்றையும் சேர்க்கச் சொல்கிறது போதாயன சுல்ப சூத்திரம், இதுவரை 17/12. இதிலிருந்து கடைசியாகச் சேர்த்த பங்கில் 34-இல் ஒரு கூறைக் கழித்தால் 577/408 கிடைக்கும். 408-இன் வர்க்கத்தை இரட்டித்தால் 3,32,928. 577-இன் வர்க்கம் 3,32,929. கட்டட வேலைக்கு 17/12 தாராளமாகப் போதும்: 12 அடிச் சதுரத்தின் மூலைவிட்டத்தை 17 அடி என்று கொள்வதில் பிழை அரை அங்குலம்கூட இல்லை. இந்த 45 பாகை முக்கோணத்தை அளவையர்கள் பயன்படுத்தியதோ கர்ணத்துக்காக அன்று. ஆந்திரத்திலிருந்து பள்ளிப்பட்டைக் கடந்து பூண்டி நோக்கிச் செல்லும் கொசஸ்தலையாற்றைப் போன்ற ஓர் ஆறு, பெருக்கெடுத்துச் சங்கிலி போட இடந்தராதபோது, அக்கரையில் ஒரு மரத்தைக் குறித்து, இக்கரையில் அதற்கு நேர் எதிரே முளை அடித்து, மரம் 45 பாகையில் தெரியும்வரை கரையோரம் நடந்தால், நடந்த தூரமே ஆற்றின் அகலம். எண்கோணத் தலையுள்ள குறுக்குத் தண்டில் அதற்கென்றே 45 பாகைப் பிளவுகள் இருந்தன.

செங்கோணம் பிடிக்கும் கலை இப்பகுதிக்குச் சங்கிலியோடு வந்ததன்று. திருத்தணி வீரட்டானேசுவரர் கோயில், 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பல்லவன் அபராஜிதவர்மன் காலத்தில் நம்பி அப்பி என்பவரால் கல்லால் எடுக்கப்பட்டது. அதன் விமானம், பின்புறம் வளைந்து யானையின் முதுகுபோல் தோன்றும் தூங்கானை மாட வகையைச் சார்ந்தது. நேர்ச்சுவரும் அரைவட்டமும் பிசகின்றிச் சேர வேண்டிய இத்தகைய அமைப்பில் நடுக்கோடு தவறினால் கட்டடம் முழுவதும் தவறும். மயமதம் போன்ற சிற்ப நூல்கள், தரையில் சங்கு என்னும் முளையை நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்து, காலை மாலை நிழல் அவ்வட்டத்தைத் தொடும் புள்ளிகளால் கிழக்கு மேற்குக் கோட்டைக் கண்டு, அப்புள்ளிகளை மையமாக்கி இரு வட்டங்கள் வரைந்து, அவை வெட்டும் மீன் வடிவத்தின் தலையையும் வாலையும் இணைத்து வடக்கு தெற்குக் கோட்டைப் பெறும் முறையைக் கூறுகின்றன. ஒரு வட்டத்தின் மையம் மற்றதன் விளிம்பில் படுமாறு வரைந்தால், மீனுக்குள் இரு சமபக்க முக்கோணங்கள் அமைந்து, ஒவ்வொன்றும் பாதியாகப் பிளந்து 30–60–90 முக்கோணமாகிவிடும். மீனின் பாதி நீளம் ஆரத்தின் √3/2 மடங்கு.

வயலுக்கு அப்பால் நாட்டையே அளக்கவும் முக்கோணங்களே உதவின. 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற அளவையர் பரங்கிமலையருகே ஏழரை மைல் அடிக்கோட்டை நூறடிச் சங்கிலியால் 57 நாளில் அளந்து, அங்கிருந்து மங்களூர் வரை முக்கோணங்களை அடுக்கிச் சென்றபோது, சில பக்கங்கள் மட்டுமே தரையில் அளக்கப்பட்டன. மற்றவை கோணங்களிலிருந்து கணக்கிடப்பட்டன. முக்கோணம் சமபக்கத்துக்கு நெருங்கியிருந்தால் கோணப்பிழை பக்கத்தைக் குறைவாகப் பாதிக்கும் என்பதால் மலைகளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளைத் தமிழ்நாடு 1980 நவம்பரிலும் ஆந்திரம் 1984-இலும் ஒழித்தபின், கணக்கு எழுதிய கர்ணத்தின் இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். லிங்க்கில் இருந்த அளவுகள் மீட்டருக்கு மாற்றப்பட்டன. இன்றைய மின்னணு அளவைக் கருவி மலையடிவாரத்திலிருந்து மேலே உள்ள கம்பத்தை நோக்கி ஒளியை அனுப்பி, முதலில் சாய்தொலைவை, அதாவது கர்ணத்தையே அளக்கிறது. கிடைத்தூரத்தையும் உயரத்தையும் சாய்கோணத்தைக் கொண்டு அதன்பின்னரே கணக்கிட்டுத் தருகிறது. வரப்பில் கடைசியாக எழுதப்பட்டுவந்த பக்கம் இப்போது திரையில் முதல் எண்ணாக வருகிறது.