ஆணையிட ஆளில்லாத வலை: இணைய முகவரி மாற்றத்தின் வரலாறு

1983 ஜனவரி 1 அன்று, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கணினி வலையமைப்பான ஆர்ப்பாநெட், பழைய என்.சி.பி. நெறிமுறையைக் கைவிட்டு, இன்றும் இணையத்தை இயக்கும் டி.சி.பி./ஐ.பி.க்கு மாறியது. முந்தைய ஆண்டிலேயே பழைய நெறிமுறையை ஒரு நாள் நிறுத்திவைத்து, மெத்தனமாக இருந்தவர்களை எச்சரித்திருந்தார்கள். மாற்றத்தில் தப்பிப் பிழைத்ததாக அறிவிக்கும் வட்ட வில்லைகளைப் பொறியாளர்கள் சட்டையில் குத்திக்கொண்டார்கள். ஒரே நிர்வாகம், சில நூறு கணினிகள், ஆணை செல்லுபடியானது.

ஆனால் பழைய முகவரி முறையான ஐ.பி.வி4-இலிருந்து அதன் வாரிசான ஐ.பி.வி6-க்கு மாறுவது ஏன் இத்தனை ஆண்டுகளாக இழுபடுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் தொழில்நுட்பக் காரணங்களே சொல்லப்படுகின்றன. அது பாதி விடைதான். மீதியை 1992-இல் நடந்த அதிகாரப் போராட்டத்தில் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1981 செப்டம்பரில் வெளியான ஐ.பி.வி4-இன் வரையறை ஆவணம், ஆர்.எஃப்.சி. 791, முகவரிக்கு 32 பிட் ஒதுக்கியது. ஏறத்தாழ 430 கோடி முகவரிகள். அவற்றை வகுப்பு பிரித்து வழங்கியதில்தான் வீணடிப்பு தொடங்கியது. 'சி' வகுப்பில் 254 கணினிகளே அடங்கும். 'பி' வகுப்பில் 65,534. ஆயிரம் கணினி வைத்திருந்த பல்கலைக்கழகம் 'பி'யைத்தான் கேட்டது. 1994 மார்ச்சுக்குள் 'பி' வகுப்பு தீர்ந்துவிடும் என 1990-இல் கணித்தார்கள்.

1992 ஜூனில் ஜப்பானின் கோபே நகரில் கூடிய, தரங்களுக்கு ஒப்புதல் தந்துவந்த இணையக் கட்டமைப்புக் குழு, சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் சி.எல்.என்.பி. நெறிமுறையை அடுத்த ஐ.பி.க்கு அடித்தளமாக்கலாம் என்றது. நெறிமுறைகளை எழுதிவந்த ஐ.இ.டி.எஃப். பொறியாளர்கள் கொதித்தெழுந்தார்கள். தங்களைக் கேட்காமல், அதுவும் போட்டி முகாமின் நெறிமுறையையா? ஜூலையில் மசாச்சுசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜில் கூடியபோது, அரசரும் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம், ஏறக்குறைய ஒத்த கருத்தும் ஓடிக்காட்டும் நிரலும் போதும் என்ற பொருளில் கணினி அறிவியலாளர் டேவிட் கிளார்க் பேசினார். டி.சி.பி./ஐ.பி.யை வடிவமைத்தவர்களில் ஒருவரான வின்ட் செர்ஃப் மேடையிலேயே கோட்டையும் டையையும் களைந்து, எதன் மீதும் ஐ.பி. ஓடும் என்று சொன்ன டி-ஷர்ட்டைக் காட்டினார். பரிந்துரை கைவிடப்பட்டது. தரங்களுக்கு ஒப்புதல் தரும் அதிகாரமும் கட்டமைப்புக் குழுவிடமிருந்து கைமாறியது. பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் நியமனக் குழுவுக்கு, தன்னார்வலர்களிடையே குலுக்கல் போட்டு உறுப்பினர்களை எடுக்கும் முறை வந்தது.

1994 ஜூலையில் டொராண்டோவில் அடுத்த ஐ.பி.க்கான மூன்று முன்மொழிவுகளிலிருந்து எஸ்.ஐ.பி.பி. தேர்வாகி, அதன் 64 பிட் முகவரி 128 பிட்டாக விரிந்தது. 1995 டிசம்பரில் ஐ.பி.வி6-இன் முதல் வரையறை வெளியானது. ஆனால் ஐ.பி.வி6 மட்டும் உள்ள கணினி ஐ.பி.வி4 கணினியோடு நேரடியாகப் பேச முடியாது. இதைப் பெரும் பிழை என்பாரும் உண்டு. 32 பிட் கட்டத்துக்குள் 128 பிட் முகவரி அடங்காது என்பதால், எந்த வடிவமைப்பாளராலும் இதை முழுமையாகத் தவிர்த்திருக்க முடியாது என்றே கருதுகிறேன்.

அதற்குள் முகவரித் தட்டுப்பாட்டுக்கு மாற்று மருந்துகளும் வந்துவிட்டன. 1993-இல் சி.ஐ.டி.ஆர். என்ற முகவரிப் பங்கீட்டு முறை வகுப்புப் பிரிவினையை ஒழித்தது. 1994-இல் விவரிக்கப்பட்ட நாட் என்ற முகவரி மாற்று உத்தி, ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல கணினிகளை ஒளித்துவைத்தது. உங்கள் வீட்டு ரௌட்டரில் 192.168 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒட்டுப்போடலின் தடயம் அது. வலி குறைந்தது, அவசரமும் போனது.

2011 பிப்ரவரி 3 அன்று ஐ.பி.வி4 முகவரிகளின் மையக் கையிருப்பின் கடைசி ஐந்து தொகுதிகளும் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பகிரப்பட்டன. அதன் பிறகும் இணையம் முழுமைக்கும் யாரும் ஆணையிடவில்லை. ஆணையிடும் இடத்தை 1992-இலேயே பொறியாளர்கள் காலிசெய்துவிட்டார்கள். தேவை வந்த இடத்தில்தான் மாற்றம் வந்தது. 2016-இல் சேவை தொடங்கிய இந்தியக் கைபேசி நிறுவனம் ஜியோ, கோடிக்கணக்கான கைபேசிகளுக்கு ஐ.பி.வி6-ஐக் கொண்டுசேர்த்தது, ஐ.பி.வி6 பயன்பாட்டில் இந்தியா முன்வரிசைக்கு வந்தது. ஐ.பி.வி4-ஐ நிறுத்தும் நாள் மட்டும் இன்றுவரை குறிக்கப்படவில்லை.