போடிமெட்டுப் பனியும் ஈப்பர் புகையும்



இன்று காலை போடிமெட்டிலிருந்து இறங்கிய மூடுபனியைப் பார்த்ததும், வகுப்பில் நான் பாதியோடு நிறுத்திய ஒரு பாடம் நினைவுக்கு வந்தது.

1915 ஏப்ரல் 22. பெல்ஜியத்தில் ஈப்பர் நகரருகே ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். காற்றைவிடக் கனமான வாயு. தரையோடு தவழ்ந்து பதுங்குகுழிகளுக்குள் இறங்கியது. குழிக்குள் இருப்பவன் எங்கே ஓடுவான்? பிரெஞ்சுப் படை வரிசை உடைந்தது. பக்கத்தில் நின்ற கனடா வீரர்கள் நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அந்த இடைவெளியைக் காத்தார்கள். இதுவரை சொல்லியிருக்கிறேன்.

சொல்லாமல் விட்டது இது. ஏப்ரல் 26 அன்று நம் லாகூர் டிவிஷன் அதே களத்தில் இறங்கியது. சரியான முகமூடி கிடையாது. மறுபடியும் வாயு. காயம்பட்ட எட்டு அதிகாரிகளைக் குண்டுமழையில் மீட்க உதவிய ஜமேதார் மீர் தஸ்த் விக்டோரியா கிராஸ் பெற்றார்.

ஈப்பரின் மெனின் வாயிலில் கனடாக்காரர் பெயர்களும் நம்மவர் பெயர்களும் சேர்ந்தே பொறிக்கப்பட்டுள்ளன. பாடநூலில் இல்லையென்று நானும் விட்டுவிட்டேன். அது என் பிழைதான். உங்கள் பிள்ளைகளுக்காவது முழுப் பாடத்தையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்