ஒரு சைக்கிள் பாதையின் பூர்வீகம்

ஒக்டோபர் மாதத்து இரண்டாம் வாரத்தில் ரொறன்ரோ நகரத்துச் சென் ஜேம்ஸ் ரவுணின் அடுக்குமாடி வீடொன்றிலிருந்து சைக்கிளை லிஃப்டிலே நிமிர்த்திப் பிடித்து இறக்கிக்கொண்டு, ஷேர்போர்ன் வீதியோடே தெற்கு நோக்கி ஒன்ராறியோ ஏரிக்கரைக்குச் சென்று, அங்கிருந்து கிழக்கே திரும்பி, ஸ்காபரோவின் செங்குத்தான மண்மேடுகளைக் கடந்து, ரூஜ் நதி ஏரியோடு கலக்குமிடம் வரையில் ஒரு பகற்பொழுது முழுவதும் பிரயாணம் செய்கின்றவர், வழியெல்லாம் காணும் மேப்பிள் மரங்களின் செம்மையையும் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்த நீரையும் இயற்கையின் கொடையென்று வியப்பது இயல்பே. மரமும் நீரும் இயற்கையின் கொடைதாம், சந்தேகமில்லை. அவற்றினூடே ஒரு சாமானிய மனிதன் சைக்கிளில் போவதற்கு இடம் கிடைத்ததோ, பல சச்சரவுகளாலும் ஒரு வெள்ளத்தாலும் ஒரு குப்பைமேட்டாலும் நேர்ந்த காரியம்.

இன்று பத்தொன்பது மாடிக்கட்டடங்கள் நெருங்கி நிற்கும் இந்தப் பேட்டை, பக்கத்திலே 1844ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற சென் ஜேம்ஸ் மயானத்தின் பெயரைத் தாங்கி நிற்பது. உயிருள்ளோர் குடியிருப்புக்கு இடுகாட்டின் பெயர் வாய்த்ததை எண்ணி நம் பெரியவர்களிற் சிலர் முகஞ்சுளிப்பதுண்டு. வாடகை கொடுக்கிறவன் பெயர்ப்பொருத்தமா பார்க்கிறான்? 1960களில் இக்கட்டடங்கள் எழும்புவதற்கு முன்னர் இங்கே விக்டோரியா மகாராணி காலத்து வீடுகள் வரிசை வரிசையாக நின்றன. அந்த வீதிகளிலேதான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், சைக்கிள் மோகம் வந்து புகுந்தது.

அக்காலத்தில் நல்ல சைக்கிள் ஒன்றின் விலை நூறு டொலர் அளவில் இருந்தது. தொழிலாளிக்கு அது பல வாரக் கூலி. ஆகவே அது முதலில் வசதி படைத்தோரின் வாகனமாயிற்று. வசதி படைத்தோருக்குச் சங்கம் வைப்பதில் எக்காலத்திலும் பிரியம் அதிகம். கனடியச் சைக்கிளோட்டிகளின் சங்கம் 1882இலேயே ஒன்ராறியோ மாகாணத்துச் சென் தோமஸ் நகரில் நிறுவப்பட்டிருந்தது. மழைக்குச் சேறும் வெயிலுக்குப் புழுதியுமாகக் கிடந்த வீதிகளிலே குப்புற விழுந்து அனுபவப்பட்ட இவர்கள், நல்ல வீதி வேண்டுமென்று அன்றே குரலெழுப்பினார்கள். ஒன்ராறியோ நல்வீதிச் சங்கம் தோன்றியது அதற்குப் பின்னர், 1894இல். ஷேர்போர்னுக்கு மேற்கே சமீபத்திலுள்ள ஜார்விஸ் வீதியே இந்நகரில் முதன்முதலாகத் தார்ப்பூச்சுக் கண்டது என்று சொல்வார்கள்; அது 1889இல். இந்த வீதியின் பெயரை வாசகர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

ரொறன்ரோ அந்நாளிலே ஞாயிற்றுக்கிழமை விரதத்தைக் கடுமையாக அனுஷ்டித்த நகரம். அன்றைய தினம் டிராம் வண்டி ஓடுவதே பாவம் என்பது பக்திமான்களின் கட்சி; 1892இலும் 1893இலும் நடந்த வாக்கெடுப்புகளில் அக்கட்சியே வென்றது. சைக்கிள் வைத்திருந்தவனோ எவரிடமும் அனுமதி கேளாமல் ஏரிக்கரைக்குப் போய்க் காற்று வாங்கித் திரும்பினான். வாரத்தில் ஆறு நாளும் தொழிற்சாலைப் புகையைச் சுவாசித்து, டிராமையன்றி வேறு கதியற்றிருந்த ஏழைக்கே அந்த விரதம் உண்மையில் விரதமாயிற்று. 1897இல் மூன்றாம் முறையாக நடந்த வாக்கெடுப்பிலே, மிகச் சொற்ப வித்தியாசத்தில், ஞாயிற்றுக்கிழமை டிராமுக்கு வழி பிறந்தது. இந்தச் சச்சரவைப் பற்றி கிறிஸ்தோபர் ஆம்ஸ்ட்ரோங், எச். வி. நெல்லஸ் என்னும் சரித்திரகாரர் இருவர் 1977இல் வெளியிட்ட நூலுக்கு ‘மெதடிஸ்ட் சைக்கிள் கம்பனியின் பழிவாங்கல்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டார்கள். சரித்திரகாரருக்கும் ஹாஸ்யம் வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் வீதி கேட்டவன் ஒருவன், வீதி பெற்றவன் மற்றொருவன். பெரிய முன்சக்கரம் வைத்த பழைய சைக்கிள்களில் பந்தயம் ஓடிப் பேர்பெற்ற ரொறன்ரோ வைத்தியர் பெரி டூலிட்டில், மோட்டார் வண்டி வந்ததும் அதற்கு மாறி, 1920 முதல் 1933இல் காலமாகும் வரை கனடிய மோட்டார் சங்கத்துக்குத் தலைமை வகித்து, 1925இல் தேசத்தை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை காரிலே கடந்து காட்டினார். அவர் ஒருவருடைய ஜீவிய சரித்திரமே அந்தத் தலைமுறையின் சரித்திரம். ஏரிக்கரையோரமாக ரொறன்ரோவையும் ஹமில்ரனையும் இணைத்து 1917இல் பூர்த்தியான சீமெந்து நெடுஞ்சாலை மோட்டார் வண்டிக்கே உரியதாயிற்று. 1899இல் பல கம்பனிகளின் சைக்கிள் தொழிலை ஒன்று சேர்த்துத் தோன்றிய சி.சி.எம். என்னும் ஸ்தாபனம் சைக்கிளோடு பனிச்சறுக்குச் சப்பாத்தும் செய்து பிழைத்தது. பெரியவர்களின் வாகனம் படிப்படியாகச் சிறுவர்களின் விளையாட்டுப் பொருளாயிற்று. 1922இல் திறக்கப்பெற்று ஜனத்திரளை ஈர்த்த சன்னிசைட் உல்லாசப் பூங்கா, 1955இல் அதிவேகப் பாதைக்காக இடிக்கப்பட்டது. கார்டினர் என்னும் அப்பாதை நகரத்துக்கும் ஏரிக்கும் நடுவே மதிலாக நின்றது. டொன் நதிப் பள்ளத்தாக்கையும் மற்றோர் அதிவேகப் பாதை எடுத்துக்கொண்டது.

இந்நிலையில் சைக்கிளோட்டிக்கு உபகாரம் செய்தது மனிதரல்ல, ஒரு புயல். 1954ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் தேதி இரவு, கரீபியன் கடலைக் கடந்துவந்த ஹேசல் என்னும் சூறாவளி, முன்பெய்த மழையால் ஏற்கெனவே ஊறிப்போயிருந்த நிலத்தின்மேல் வந்து கொட்டியது. ஹம்பர் நதி கரைபுரண்டது, பாலங்கள் பெயர்ந்தன, ரேமோர் டிரைவ் என்னும் ஒரே தெருவில், உறக்கத்திலிருந்த வீடுகளோடு 35 பேரை வெள்ளம் கொண்டுபோயிற்று. மாகாணத்தில் மாண்டவர் தொகை 81. நதி வெள்ளம் பாயும் நிலத்தில் மனிதர் குடியிருக்கலாகாது என்னும் எளிய உண்மையை, இத்தனை உயிரைக் கொடுத்தபின் அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 1957இல் ரொறன்ரோப் பிரதேசத்துக்கென ஓர் இயற்கைப் பாதுகாப்பு அதிகாரசபை ஏற்பட்டது. பள்ளத்தாக்குகளில் பெருமளவு நிலம் பொதுச்சொத்தாக வாங்கப்பட்டு, வீடு கட்டுவது விலக்கப்பட்டது. ரேமோரில் வீடுகள் நின்ற இடம் இன்று பூங்கா. ஹம்பரையும் டொன்னையும் ஒட்டிச் சைக்கிளில் போகிறவர், ஒருவகையில், அந்த இரவின் சாவுகளால் காலியாக விடப்பட்ட பூமியில் போகிறார்.

குப்பைமேட்டின் கதை வேறு. சென் லோரன்ஸ் நீர்வழி 1959இல் திறந்தபோது, கப்பல்கள் வந்து குவியப்போகின்றன என்று நம்பிய துறைமுகத்தார், லெஸ்லி வீதியின் முனையிலிருந்து ஏரிக்குள் அணைக்கரை ஒன்றை நீட்டத் தொடங்கினார்கள். எதிர்பார்த்த கப்பல் வரவில்லை. லாரிகள் மட்டும் வந்துகொண்டேயிருந்தன. இடித்த கட்டடங்களின் இடிபாடுகள் அங்கே கொட்டப்பட்டு, ஐந்து கிலோமீற்றர் நீளமான தீபகற்பமாயிற்று. அங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டு நீரோரம் குனிந்து பார்த்தால், கூழாங்கல் என்று கையிலெடுப்பது செங்கல்லாயிருக்கும்; அலை உருட்டி உருட்டி மூலைகளைத் தேய்த்து, மாம்பழம்போல் வழவழப்பாக்கியிருக்கும். பக்கத்தில் கொங்கிரீட் துண்டுக்குள்ளிருந்து துருப்பிடித்த கம்பி வளைந்து நிற்கும். டொன் பள்ளத்தாக்கின் களிமண் 1889 முதல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அங்குள்ள சூளையில் செங்கல்லாக வெந்து நகரமாயிற்று. இடிந்த நகரத்தின் செங்கல்லோ ஏரியிலே கரையாயிற்று. எவரும் நடாத கொட்டன்வுட் மரங்கள் இடிபாட்டுக்குள் முளைத்தன. பறவைகள் கூடு கட்டின. மெக்சிக்கோவுக்குப் போகும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் செப்டெம்பரில் ஏரியைக் கடக்குமுன் இங்கே இளைப்பாறுகின்றன. அப்பூங்காவுக்கு, ‘தயவுசெய்து புல்லின்மேல் நடக்கவும்’ என்று பலகை நாட்டிய பூங்கா ஆணையாளர் ரொமி தொம்சனின் பெயரை இட்டது வெகு பொருத்தம்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏரிக்கரையிலிருந்து தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக அகன்றபின், 1984இல் மார்ட்டின் குட்மன் என்னும் பத்திரிகையாளரின் ஞாபகார்த்தப் பாதை அமைந்தது. முன்னாள் நகரபிதா டேவிட் குரொம்பியின் தலைமையில் ஏரிக்கரை குறித்து இயங்கிய அரச விசாரணைக்குழு 1992இல் தன் இறுதி அறிக்கையைச் சமர்ப்பித்தது; அதன் பயனாக, ஹமில்ரன் முதல் ட்ரென்ரன் வரை ஏரியோரப் பாதை 1995இல் திறக்கப்பட்டது.

சி.சி.எம். ஸ்தாபனம் நொடித்த 1983ஆம் ஆண்டிலேதான் இலங்கையின் ஆடிக்கலவரம் தமிழராகிய நம்மவர்களை உலகெங்கும் சிதறடித்தது. அவர்களிற் பலருக்கு ரொறன்ரோவில் முதல் விலாசம் சென் ஜேம்ஸ் ரவுண். ஊரிலே எஞ்சியிருந்தவர்களுக்கு, 1990க்குப் பின் எரிபொருள் தடையினால், சைக்கிளே பஸ்ஸும் லாரியும் அம்புலன்ஸுமாயிற்று. 1995இல், இதே ஒக்டோபர் முடியும் தறுவாயில், யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தை நெருக்கியடித்துக் கடந்த ஜனங்கள், கரியலிலே மூட்டையும் பாரிலே பிள்ளையுமாக உருட்டிச் சென்றவையும் சைக்கிள்களே. அப்படிப் பெயர்ந்து பின்னர் இங்கே வந்த ஒருவர், இறுக்கமான காற்சட்டை அணிந்த வெள்ளைக்காரர் ஏரிக்கரையில் விரைவதைப் பார்த்து, “வேலை மினக்கெட்டு இந்தக் குளிருக்கை ஓடுறாங்கள்” என்று சொன்னால், அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகளோ அதே பாதையில் இலையுதிர்காலம் பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்கு முந்திக்கொண்டு, முதுகிலே சாப்பாட்டுப் பெட்டி சுமந்த விநியோக இளைஞர்கள் பறக்கிறார்கள். இவர்களுக்கு எந்தக் காலமும் இலையுதிர்காலமன்று, வேலைக்காலமே.

சச்சரவும் ஓயவில்லை. முதன்முதலில் தார் கண்ட ஜார்விஸ் வீதிக்கு 2010இல் இட்ட சைக்கிள் தடம் 2012இல் அழிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஷேர்போர்னுக்கு, மோட்டார்ப் போக்குவரத்திலிருந்து பிரித்த தடம் கிடைத்தது. புளோர் முதலிய வீதிகளின் தடங்களை அகற்ற மாகாண அரசு 2024இல் சட்டமியற்றியது. அவ்வாறு அகற்றுவது அரசியலமைப்புக்கு முரண் என்று 2025இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நம் பேட்டை வாசிகளுக்கு ஒரு விண்ணப்பம்: வீதி பற்றிய பொதுக்கூட்டம் என்று அடுத்த முறை நகரசபையின் அறிவித்தல் கதவடியில் ஒட்டப்படும்போது, மாடிக்கு ஒருவராவது போய், நாம் எப்படிப் போய்வருகிறோம் என்பதை எழுந்து நின்று சொல்ல வேண்டும்.